குடும்பச் சராசரி

அன்புக்கரசியின் உடம்பு சிகிச்சை நெறிமுறைக்கு ஒத்துழைக்க மறுக்கிறது என்று சீர்மை மனநல நிலையத்தின் பதிவேட்டில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்படி ஒரு புகாரை அவள் கொடுக்கவில்லை. "மாத்திரை போட்டா நாள் பூராத் தூக்கமா வருதுங்க, கை நடுங்குதுங்க" என்று மட்டும்தான் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்ட பிரீத்திகா, சொன்னபடி மாத்திரை போடுகிறார்களா என்று பார்க்கிற கடைப்பிடிப்பு அலுவலர், கையில் இருந்த கணினிப் பலகையில் இதற்கென்று ஒரு பெட்டியைத் தேடினாள். தூக்கத்துக்குப் பெட்டி இல்லை, நடுக்கத்துக்கும் இல்லை. ஒத்துழையாமைக்கு இருந்தது. அதில் டிக் அடித்துவிட்டு, "பதிவு பண்ணிட்டேங்க, நன்றிங்க" என்று அனுப்பிவைத்தாள்.

அன்புக்கரசியும் அவள் புருஷன் மாரப்பனும் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவள் காயில் கட்டுகிற பிரிவு. செம்புக் கம்பியை எண்ணிச் சுற்றி மோட்டாருக்குள் இறக்குகிற வேலை. அவன் டெஸ்டிங். வீடு குனியமுத்தூரில். போன ஆடியில் அவர்களுடைய ஒரே மகன் கௌதமன், பாலிடெக்னிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தவன், பாலக்காடு ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

காரியம் முடிந்த மறுநாளே அன்புக்கரசி வேலைக்குப் போய்விட்டாள். சுற்றச் சுற்றக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காயிலில் ஈரம் படக்கூடாது என்பது தர விதி என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மாரப்பன் அழவில்லை. மோட்டாரை ஓடவிட்டு அளவு குறிப்பான். மோட்டார் நின்ற பிறகும் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பான். ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி, "நாம எதுக்கு அம்மணி இன்னும் இருக்கறோம்?" என்று கேட்டான். அன்றைக்கு வந்த பயம் அவளுக்கு அப்புறம் போகவே இல்லை.

கம்பெனி நல்ல கம்பெனி. இரண்டு பேரையும் சீர்மை நிலையத்துக்கு அனுப்பியது. வாரா வாரம் அங்கே கடைப்பிடிப்புச் சான்று வாங்கிவந்து கொடுத்தால்தான் உள்ளே விடுவோம் என்றும், வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் மருத்துவ அட்டை ரத்து என்றும் அன்போடு எழுதிக் கொடுத்தது.

திருச்சி ரோட்டில் இருக்கும் அந்த நிலையம் ஒரு காலத்தில் நூல் மில்லாக இருந்தது. மில்லை மூடி மெஷின்களையெல்லாம் விற்றவர்கள் சங்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஷிஃப்டுக்கு ஊதியது இப்போது மாத்திரைக்கு ஊதியது. காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதினால் உள்ளே இருக்கிற நோயாளிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பார்கள். வெளி நோயாளிகளுக்கு அதே சங்கு செல்போனில் வந்தது.

தலைவர் டாக்டர் கோபாலசாமி. அந்தப் பட்டம் நூல் தொழிலுக்கு அவர் ஆற்றிய சேவைக்காகக் கடல் தாண்டிய ஒரு பல்கலைக்கழகம் கொடுத்தது. புது நோயாளிகளை அவரே நேரில் வரவேற்றுப் பேசுவார்.

"எங்க தாத்தா காலத்துல இந்த மில்லுல அறுபதாம் நம்பர் நூலுன்னா அது அறுபதாம் நம்பர்தாங்க. ஈரோடு போனாலும் அறுபது, பவானி போனாலும் அறுபது. எப்படி? பத்துச் சிட்டம் நூலு எடுப்போம், எடை போடுவோம், கூட்டுவோம், பத்தால வகுப்போம். அறுபது வந்துச்சுன்னா லாரியில ஏத்திருவோம். ஒவ்வொரு சிட்டமா எடுத்து மடியில வெச்சு, ஒனக்கென்ன கொறை கண்ணு, ஒனக்கென்ன கொறைன்னு கேட்டுட்டு இருந்தா மில்லு ஓடுமுங்களா? மனுசனுக்கு மட்டும் எதுக்குங்க ஆளுக்கொரு அளவு? ஏழை, பணக்காரன், தடிச்சவங்க, ஒல்லியானவங்க, எல்லாருக்கும் ஒரே மாத்திரை, ஒரே இருபது மில்லிகிராம். இதுக்குப் பேருதான் ஒரே சீர் திட்டம். சமத்துவம் சமத்துவம்னு எல்லாரும் பேசறாங்க. நாங்க அத மாத்திரையாப் பண்ணிக் குடுக்கறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அந்த மில் ஏன் மூடப்பட்டது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளை மாத்திரை. அன்புக்கரசி அதை வெசன மாத்திரை என்றாள். துக்கத்தை எங்கள் பக்கம் வெசனம் என்பார்கள். பத்தாவது நாளில் அவளுக்கு அடுப்பில் இருக்கிற உலை கண்ணில் படவில்லை. நின்றபடி தூங்கினாள். நாற்பது சுற்றுப் போட வேண்டிய காயிலுக்கு முப்பத்தாறு போட்டாள். நாக்கு தடித்துப்போய் "குனியமுத்தூர் ஒண்ணு" என்று கண்டக்டரிடம் சொல்வதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போய்விடும். மாரப்பனுக்கோ ஒன்றுமே இல்லை. தூக்கம், நடுக்கம் எதுவும் இல்லை, குணமும் இல்லை. முதல் நாள் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானோ அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டியவள் அவள். அவளுக்கோ இரண்டு கண்ணும் திறக்கவில்லை.

வாரா வாரம் பிரீத்திகா பத்துக் கேள்வி கேட்பாள். ஒவ்வொரு கேள்விக்கும் பத்துக்கு மார்க்கு.

"பசி எப்படீங்க?"

"பரவால்லீங்க" என்றான் மாரப்பன்.

"தூக்கம்?"

"பரவால்லீங்க."

"உயிரோட இருக்கறது பிடிச்சிருக்குதுங்களா?"

மாரப்பன் கொஞ்சம் யோசித்தான். கேட்கிறது வயசுப் பெண், முகத்தில் அடித்த மாதிரி என்னத்தைச் சொல்வது. "பரவால்லீங்க" என்றான்.

பரவாயில்லைக்கு ஏழு மார்க்கு. அந்தப் படிவத்தை எழுதியவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. கொங்கு நாட்டில் வீடு பற்றி எரிகிறபோது போய் விசாரித்தாலும் முதலில் பரவால்லீங்க என்றுதான் பதில் வரும், அப்புறம்தான் தண்ணீர் கேட்பார்கள். இது தெரியாமல் அவர்கள் ஏழும் அதற்கு மேலும் எடுத்தவர் தேறிவருகிறார் என்று வைத்துவிட்டார்கள். மாரப்பன் நூற்றுக்கு எழுபது வாங்கி அந்த மாசத்தின் முதல் நோயாளியாக வந்தான்.

"அம்மணி, அவரு அப்படித்தானுங்க சொல்லுவாரு" என்று அன்புக்கரசி பிரீத்திகாவிடம் கெஞ்சினாள். "உள்ள அப்படி இல்லீங்க. ஒரு வாய்ச் சோறு எறங்கறதில்லீங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"அவரு சொல்றதத்தாங்க நான் எழுதணும்" என்றாள் பிரீத்திகா. அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நீங்க சொல்றத எழுத அவரு படிவத்துல எடமில்லீங்க."

அந்த நிலையத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் அன்புக்கரசியின் நடுங்குகிற கையைப் பிடித்துப் பார்த்தது. புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் கிருபா. நெறிமுறையில் இல்லாத ஒரு வேலையையும் அவள் செய்தாள். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து, மருந்து உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தாள். நிலையத்தின் கணக்குப்படி நூறு இருக்க வேண்டும். மாரப்பனுக்கு ஒன்பது இருந்தது. அன்புக்கரசிக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"அக்கா, இது உங்க ரெண்டு பேரு தப்பும் இல்ல" என்றாள் கிருபா. "உள்ள போற மருந்தக் கல்லீரல்தான் கரைக்குது. அது ஆளாளுக்கு மாறும், பொறப்புலயே வர்றது. அண்ணனோடது மாத்திரை உள்ள போனதுமே கரைச்சு வெளிய தள்ளிருது. உங்களோடது மெதுவாக் கரைக்குது, அதனால நேத்துப் போட்டதும் முந்தாநாள் போட்டதும் உள்ளயே சேந்து நிக்குது. உங்களுக்கு அளவக் கொறைக்கணும். அவருக்கு மருந்தையே மாத்தணும். நீங்களா நிறுத்திராதீங்க, நான் மேல எழுதறேன்."

அன்புக்கரசி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். நான்கு மாசத்தில் முதல் தடவையாக ஒருத்தி அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். வீடு போகிற வரைக்கும் நெஞ்சில் ஒரு தெம்பு இருந்தது, பஸ்ஸில்கூடத் தூங்கவில்லை.

கிருபா மேலே எழுதினாள். மேலே இருந்து விசாரணை வந்தது.

பழைய மில்லின் பஞ்சுக் கிடங்கில் விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர், நடுவில் கோபாலசாமி. எதிரே இரண்டு ஸ்டூலில் புருஷனும் பெண்டாட்டியும். கிருபாவுக்கு ஸ்டூல் போடவில்லை.

"டாக்டரம்மா, உங்க ரிப்போர்ட்டப் படிச்சேன்" என்று ஆரம்பித்தார் கோபாலசாமி. "மாத்திரை ஒண்ணுதான், உடம்புதான் வேற வேறங்கறீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க சார்."

"அப்போ தப்பு உடம்பு மேலதானுங்க? மாத்திரை மேல என்ன தப்பு?"

கிருபா எதையோ விளக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மற்ற நான்கு பேரையும் பார்த்தார். அதில் ஒருவர், தர மேலாளர், ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"இங்க தொண்ணூத்தொண்ணு கொறையுதுங்க. அங்க சரியாத் தொண்ணூத்தொண்ணு கூடுதுங்க. ரெண்டு பேரும் ஒரே வீடு. இதுக்குக் கல்லீரல் வரைக்கும் எதுக்குங்க போகணும்?"

மேசைக்குப் பின்னால் எல்லாரும் தலையாட்டினார்கள். அன்புக்கரசிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அவரு மாத்திரைய நான் திருடித் திங்கறேங்கறீங்களா? சாமி, எனக்குக் குடுக்கறதே தாங்கலீங்க!"

"திருட்டுன்னு நாங்க சொல்லலம்மா" என்றார் கோபாலசாமி. "எடமாற்றம்னு எழுதறோம்."

அவளுக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. இருந்தாலும் விடவில்லை. "நாங்க மோட்டாரு பண்றவங்கங்க. ஒரே கம்பி, ஒரே சுத்து, ஒரே நாள்ல பத்து மோட்டாருக் கட்டுவோம். டெஸ்டிங்ல போட்டா ஒண்ணு சூடாகும், ஒண்ணு சும்மா குளுகுளுன்னு ஓடும். எல்லாத்துக்கும் ஒரே கரண்டுதானுங்க. அதுக்குன்னு மோட்டார யாரும் வையறதில்லீங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஓட்டிப் பாத்துத்தான் சீட்டு ஒட்டுவோம். இவருதானுங்க ஒட்டுவாரு, கேளுங்க."

"அப்படித்தானுங்க" என்றான் மாரப்பன்.

கோபாலசாமி சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "மோட்டாருக்கு வாரண்டி இருக்குதும்மா. ரிப்பேருன்னா திரும்பி வந்துரும், நஷ்டம். அதனால தனித்தனியாப் பாக்கறாங்க. உங்களுக்கு வாரண்டி இல்லையே."

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. கிருபா பவானிக் கிளைக்கு மாற்றப்பட்டாள். பவானிக் கிளை இன்னும் கட்டப்படவில்லை. பெயர்ப்பலகை மட்டும் வந்திருந்தது. போகிறபோது அன்புக்கரசியின் போனில் தன் நம்பரைப் பதிந்துகொடுத்து, எதுவானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் இனி அலுவலர் கண்முன்னால் வீடியோவில் மாத்திரை போட வேண்டும், இரண்டு பேரும் தனித்தனி அறையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

அவர்களுக்கு இருந்ததே ஒரு அறை. ஆகவே காலை எட்டு மணிக்குச் செல்போனில் சங்கு ஊதியதும் அவள் உள்ளே வாயைத் திறப்பாள், அவன் தெருவில் நின்று திறப்பான். "நாக்கத் தூக்குங்க. எடது பக்கம் காட்டுங்க. முழுங்கிட்டீங்களா?" என்று பிரீத்திகா குரல் கேட்கும். "முழுங்கிட்டனுங்க, ரொம்ப நன்றிங்க" என்று மாரப்பன் தெருவிலிருந்து கும்பிடுவான். குழாயடிக்கு வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவமானத்தில் அன்புக்கரசிக்கு அழுகை வர வேண்டும். மாத்திரை அதையும் நிறுத்தியிருந்தது. மகனை நினைத்துக்கூட அழ முடியவில்லை. அழ உட்கார்ந்தால் தூங்கிப்போனாள்.

இருபது நாள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கு எட்டு, அவளுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அலுவலர் கண்ணெதிரே தினமும் மாத்திரை போட்டும் இடமாற்றம் ஒரு அலகு கூடியிருந்தது.

இதை நிலையம் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள் விசாரணையில் பலன் கிடைக்காததால் மேல் அமைப்பை அணுகலாம் என்று குழு தீர்மானம் போட்டது. எங்கள் பக்கத்தில் பொருள் களவு போனால், நியாயம் கிடைக்காவிட்டால், கடைசியாகப் போகிற இடம் ஆனைமலை மாசாணியம்மன் கோயில். மிளகாய் அரைத்து அங்கே பூசினால் எடுத்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். நிலையத்தின் சார்பில் பிரீத்திகா போனாள். சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்து வரமிளகாய் அரைத்தாள். "ஒரே சீர் திட்டத்தில் காணாமற்போன தொண்ணூற்றிரண்டு அலகை எடுத்தவர் யாராயினும்" என்று சுற்றறிக்கையைப் பார்த்து வாசித்து வேண்டினாள். முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு எங்கே கிடைக்கும் என்று பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் மிளகாயைத் தொடர்ந்து அரைத்தாள். மூன்று நாளைக்குப் பிரீத்திகாவுக்கு விரல் எரிந்து, யாருக்கும் டிக் அடிக்க முடியவில்லை.

சேதி அன்புக்கரசிக்கும் வந்தது. கௌதமன் போனபோது அவளுக்கே ஆனைமலை போய் அந்த லாரி டிரைவர் பேரில் மிளகாய் அரைக்க வேண்டும் என்று வெறி இருந்தது. மாரப்பன்தான் தடுத்தான். "வேண்டாம் அம்மணி, அவனுக்கும் புள்ளைங்க இருக்கும்" என்றான். அப்படிப்பட்டவன் பெண்டாட்டிமேல் ஒரு ஆஸ்பத்திரி மிளகாய் அரைத்திருக்கிறது.

அம்மன் என்ன நினைத்தாளோ தெரியாது. அடுத்த வாரமே வழக்கு முடிந்தது. முடித்துவைத்தவர் கோபாலசாமி. இரண்டு பேர் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. ஒன்பதையும் நூற்றுத் தொண்ணூற்றொன்றையும் கூட்டினார். இருநூறு. இரண்டால் வகுத்தார். நூறு. எட்டையும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டையும் கூட்டி வகுத்தார். அதே நூறு. கம்பெனி கொடுத்த அட்டையை எடுத்துப் பார்த்தார்; ஒரு அட்டை, ஒரு குடும்பம், ஒரு நோயாளி எண் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. நானூற்றுச் சொச்சம் குடும்பங்களில் இத்தனை துல்லியமாக, அதுவும் இரண்டு தடவை, நூறு வந்த குடும்பம் இது ஒன்றுதான்.

திருடி என்ற பெயர் போய்விட்டது. இரண்டு பேருக்கும் குணமடைந்தோர் சான்றும், திட்டத்தின் ஆண்டு விழாவில் சராசரிக் குடும்ப விருதும் என்று அறிவிப்பு வந்தது. அன்புக்கரசி ஓடினாள்.

"அம்மணி, அப்போ இனி மருந்த மாத்துவீங்களா?"

"எதுக்குங்க மாத்தணும்? நூறு வந்துருச்சே" என்றாள் பிரீத்திகா.

"அவருக்குள்ள எட்டுத்தானுங்க இருக்குது. எனக்குள்ள இருக்கறத எடுத்து அவருக்கு ஊத்த முடியுமுங்களா?"

பிரீத்திகா ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்தாள். அவள் கெட்டவள் இல்லை. "ஒரே வீடுதானுங்க?" என்றாள்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் ஃபிளெக்ஸ். கம்பெனிக்காரர்கள், மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று கூட்டம். மாரப்பன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி; இரண்டும் அவனுக்கு இப்போது ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தன. எட்டு மணி மாத்திரை அன்புக்கரசியை இரண்டாவது வரிசை நாற்காலியில் அழுத்திக்கொண்டிருந்தது. தொடையைக் கிள்ளிக் கிள்ளி முழித்திருந்தாள்.

கோபாலசாமி பேசினார். "தனித்தனியாப் பாத்தா ஒருத்தருமே நல்லா இருக்க மாட்டாங்க. இது நான் அனுபவத்துல கண்டது. ஒருத்தருக்குக் கூடும், ஒருத்தருக்குக் கொறையும். அதப் பாத்துட்டு இருந்தா நமக்கும் வெசனம் வந்துரும். சேத்துப் பாருங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க. இந்த வருசம் எங்க நிலையத்துல நோயாளிங்கள்ல பாதிப்பேரு தூங்கவே இல்லை, பாதிப்பேரு எந்திரிக்கவே இல்லை. சராசரியாப் பாத்தா எல்லாரும் பன்னெண்டு மணி நேரம் நிம்மதியாத் தூங்கியிருக்காங்க."

கைதட்டல் அடங்க நேரம் ஆனது. அப்புறம் மாரப்பன் கழுத்தில் மாலை போட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, இந்த மாத்திரை உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது, இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள்.

மாரப்பன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. எனக்கு இந்த மாத்திரை ஒண்ணும் கேக்கலீங்க. பையன் போன அன்னிக்கி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்குதுங்க. காத்தால கண்ணு முழிச்சா, இன்னிக்காச்சும் போயிறலாமான்னுதான் தோணுதுங்க. உங்க பேருல ஒரு குத்தமும் சொல்லலீங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

கோபாலசாமி மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா! விருதக் கையில குடுத்தாலும் நமக்குத் தகுதியில்லைங்கறாரு. இதுதானுங்க நம்ம கொங்கு மண்ணோட பணிவு!"

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. அன்புக்கரசியும் எழுந்து நின்றாள், கத்துவதற்கு. அவர் சொன்னது நிஜம், யாராவது அவரைப் பாருங்கள் என்று கத்த வேண்டும். வாயிலிருந்து வந்தது குழறலாக ஒரு சத்தம். விழாக் குழுவில் ஒரு பெண் ஓடிவந்து தோளைப் பிடித்து, "சந்தோசத்துல வருதுங்க, விடுங்க, அழுதுருங்க" என்று தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து உட்காரவைத்தாள். பத்திரிகைக்காரர்கள் அதையும் படம் எடுத்தார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். சன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். "ஏனுங்க, மேடையில சொன்னீங்களே" என்று ஆரம்பித்தாள். "ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் அம்மணி" என்றான். அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ராமநாதபுரம் தாண்டுகிற வரைக்கும் ஞாபகம் இருந்தது.

கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் கோவைப்புதூர் வந்து நின்றிருந்தது. குனியமுத்தூர் எப்போதோ போய்விட்டது. பக்கத்துச் சீட்டில் மாலை மட்டும் இருந்தது.

"கூட வந்தவரு உக்கடத்துலயே எறங்கிட்டாருங்க" என்றார் கண்டக்டர். "அசந்து தூங்குது, எழுப்பாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

உக்கடத்தில் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. உக்கடத்தில் இருப்பது பஸ் நிலையமும் குளமும்தான். அவள் எதிரே நின்ற ஆட்டோவில் ஏறி உக்கடம் குளம் என்றாள். முகமது ரியாஸ் என்ற அந்த ஆட்டோக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். அவள் விருதுச் சான்றில் அச்சடித்திருந்த அவசர உதவி எண்ணை அடித்தாள். பிரீத்திகாதான் எடுத்தாள்.

"அம்மணி, அவரக் காணோமுங்க. என்னமோ பண்ணிக்கப் போறாருங்க. யாரையாச்சும் அனுப்புங்க!"

"நோயாளி எண் சொல்லுங்க. ஆங், இருங்க. அவரு இன்னிக்கிக் காலைல இருந்து குணமானவங்க பட்டியல்ல இருக்காருங்க. குணமானவங்க காணாமப் போனா அது எங்க பிரிவுல வராதுங்க. நீங்க இருக்கீங்களா?"

"நான் இருக்கறனுங்க!"

"ஒரே எண்தானுங்க உங்க ரெண்டு பேருக்கும். நீங்க இருக்கறதால காணோம்னு பதிய மாட்டேங்குதுங்க" என்றாள் பிரீத்திகா. "நான் அழுத்தி அழுத்திப் பாக்கறேங்க, ஏற மாட்டேங்குதுங்க."

அன்புக்கரசி போனை வைத்துவிட்டுக் கிருபாவைக் கூப்பிட்டாள். கிருபா ஒரே மணியில் எடுத்தாள்.

"அக்கா, அவரப் பாத்ததும் கையப் பிடிங்க, திட்டாதீங்க. நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க ரெண்டு பேரு ரத்த ரிப்போர்ட்டும் என்கிட்ட இருக்கு, நான் அங்க டாக்டர்கிட்ட இப்பவே பேசறேன். ஒரு நிமிசம்கூட அவரத் தனியா விடாதீங்க. கேக்குதா அக்கா? தூங்கிறாதீங்க."

ரியாஸ் குளத்தங்கரை ஓரமாக வண்டியை மெதுவாக உருட்டினார். சாயங்காலம் நடக்க வருகிற கூட்டம் இன்னும் சேரவில்லை. "வெள்ளைச் சட்டைங்களா?" என்று கேட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

மாரப்பன் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். செருப்பு இரண்டும் இந்தப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அன்புக்கரசி ஓடிப்போய்க் கம்பிக்குள் கையை விட்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். ரியாஸ் தாண்டிக் குதித்து மறுபக்கத் தோளைப் பிடித்தார்.

அவன் திமிறவில்லை. திரும்பிப் பார்த்தான். "நீ எதுக்கு அம்மணி வந்தே? நல்லாத் தூங்கிட்டு இருந்தியே" என்றான். பின்னால் நின்ற ரியாஸிடம், "உங்களுக்கு வேற சிரமமுங்க" என்றான்.

திட்டக்கூடாது என்று கிருபா சொல்லியிருந்தாள். அன்புக்கரசிக்குத் திட்ட வரவும் இல்லை. "என்னைய உட்டுட்டு எறங்கிப்போட்டீங்களே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மாத்திரை அடைத்துவைத்திருந்த அழுகை எந்த வழியாகவோ வந்துவிட்டது. அவன் அவளை அழவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அவனாகவே எழுந்து கம்பியைத் தாண்டி வந்தான்.

ஆட்டோவில் ஏறியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிய ஓட்டத்தில் ஓரமாக நின்றிருந்த தூக்கம் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது, தலை கனத்து, இமை தானாக இறங்கியது. பெரியாஸ்பத்திரி தூரமில்லை. ஆனால் நடுவில் இரண்டு சிக்னல் இருக்கிறது, அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். தொடையைக் கிள்ளினாள். வலிக்கவில்லை.

முந்தானையை இழுத்து அவன் மணிக்கட்டில் சுற்றினாள். கை நடுங்கி முடிச்சு விழவில்லை. ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று போட்டாள்.

"நான் எங்கயும் போகலியே அம்மணி" என்றான் மாரப்பன்.

"போவீங்க. நான் தூங்கிப்போடுவேன். அதுக்குத்தான்." முன்னால் குனிந்து ரியாஸைக் கூப்பிட்டாள். "அண்ணா, ஆஸ்பத்திரி வந்துச்சுன்னா எங்கள ஒண்ணாவே எறக்குங்க. யாரு சொன்னாலும் முடிச்ச அவுக்க உடாதீங்க. டாக்டரு வந்து, இவருகிட்ட இவருக்கு என்ன பண்ணுதுன்னும் எங்கிட்ட எனக்கு என்ன பண்ணுதுன்னும் தனித்தனியாக் கேக்கட்டும். அப்புறமா அவுத்துக்கலாம்."

"சரிங்கம்மா" என்றார் ரியாஸ்.

முதல் சிக்னலிலேயே அவள் தூங்கிவிட்டாள். வண்டி ஆடுகிறபோது அவள் தலை கம்பியில் போய் இடித்தது. மாரப்பன் முடிச்சுப் போடாத கையைக் கொண்டுவந்து தலைக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.